மறு: ‘கிரிட்டி’ போலீஸ் தொடருக்குத் தமிழில் என்ன சொல்? – ‘கரட்டுத்தொடர்’

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அழுக்கையும் அடிதடியையும் மறைக்காமல் காட்டுகிற போலீஸ் தொடரை ஆங்கிலத்தில் ‘கிரிட்டி’ (gritty) என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டுத் தொடங்கிய இந்த இழையை நாலு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். சனிக்கிழமை ராத்திரி வீட்டில் நடந்ததைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு கன்னங்குறிச்சியில். ஏற்காட்டு மலைப்பக்கம் மழை பிடித்துக்கொண்டதால் யாரும் வெளியே போகவில்லை. தம்பி மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். ‘விலங்கு’ தொடரைப் போடலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். 2022இல் ஜீ5இல் வந்தது, திருச்சிப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் நடக்கிற கதை, ஏழே பகுதி. எதிர்வீட்டு ஏட்டய்யாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். தலைமைக் காவலராக இருந்து ஓய்வுபெற்றவர், இப்போதும் தெருவில் எல்லோருக்கும் ஏட்டய்யாதான். அம்மா தட்டுவடை செட் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார்.

விசாரணையில் கை ஓங்குகிற இடம் வந்தது. “எதுக்குடா இதையெல்லாம் ஊட்டுக்குள்ள கொண்டாந்து ஓட்டுறீங்க” என்று அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். ஆனால் போனவர் உள்ளே போகவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “அவனை உட்டுட்டாங்களா, இன்னும் அடிக்கிறாங்களா” என்று எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏட்டய்யா அடியைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், மேசைமேல் என்ன காகிதம் கிடக்கிறது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “ரைட்டர் இல்லீன்னா ஸ்டேஷனே இல்லீங்க, அதைச் சரியாப் புடிச்சிருக்காங்க” என்றார். அப்போ அந்த அடி? என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “இப்படித்தான் நடக்கும்னு நான் சொல்லமாட்டேன். நடக்காதுன்னும் சொல்லமாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். தம்பி மகள் சொன்னதுதான் எனக்கு ரெண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது: “அவர் அடிக்கிறப்ப, சீக்கிரம் உண்மையைச் சொல்லித் தொலைடான்னு எனக்கே தோணுச்சு பெரியப்பா. அதான் பயமா இருக்கு.”

ஒரு கூடம், மூன்று பேர், ஒரே காட்சி. இதைச் சொல்லாமல் நேரே சொல்லுக்குப் போயிருக்கலாம்தான். ஆனால் நாம் தேடுகிற சொல் இந்த மூன்று பேரும் வாயில் எடுத்துப் பேசக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதமே. அம்மா அந்தச் சொல்லைச் சொல்லித் திட்ட முடிய வேண்டும், தம்பி மகள் அதே சொல்லைச் சொல்லிப் பாராட்ட முடிய வேண்டும். இதுவரை வந்த பரிந்துரைகள் பெரும்பாலும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன.

> ‘யதார்த்தக் காவல் தொடர்’ போதுமே, எல்லோருக்கும் புரியும்.

கோவை ஐயா சொன்னது. புரியும், மறுக்கவில்லை. ஆனால் ‘யதார்த்தம்’ என்றால் உண்மையில் இருக்கிறபடி என்று நாமே சான்றிதழ் கொடுத்துவிடுகிறோம். இந்த வகைத் தொடர்களுக்கு வழிபோட்டதாக எல்லோரும் சொல்கிற ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ அமெரிக்காவில் 1981இல் வந்தது. கையில் பிடித்துத் தள்ளாடுகிற கேமரா, ஒருவர் பேச்சுமேல் இன்னொருவர் பேச்சு ஏறுவது, ஒரே பகுதியில் முடியாமல் அடுத்த வாரத்துக்கும் இழுக்கிற நாலைந்து கதை, இதெல்லாம் அதில் திட்டம்போட்டுச் செய்தது. தானாக வந்த அழுக்கு இல்லை, உட்கார்ந்து யோசித்துப் பூசிய அழுக்கு. முதல் வருடம் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு, ஆனால் அதே வருடம் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது எட்டு வாங்கியது. ஆக ‘கிரிட்டி’ என்பது ஒரு நடை. உண்மைக்குப் பக்கத்தில் இருக்கலாம், தள்ளியும் இருக்கலாம். நடைக்குப் பெயர் வைக்கிற இடத்தில் உண்மை என்ற சொல்லைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்புறம் ‘இந்தத் தொடர் கிரிட்டிதான், ஆனால் பொய்’ என்று ஒருவர் தமிழில் எழுதவே முடியாது. அப்படி எழுத வேண்டிய தொடர்கள் நிறைய இருக்கின்றன.

> ‘வன்முறைத் தொடர்’ என்று நேரடியாகச் சொல்லிவிடலாம், எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்?

இது மறுபக்கத் தீர்ப்பு. தவிர, சண்டை சச்சரவு மட்டுமா ஆட்களை முகம் சுளிக்க வைக்கிறது? பி.பி.சி.யின் ‘இசட் கார்ஸ்’ 1962 ஜனவரியில் தொடங்கியபோது நடந்ததைப் பாருங்கள். அதற்கு முன்னால் அங்கே மக்களுக்குப் பழக்கமான தொலைக்காட்சிப் போலீஸ் 1955இலிருந்து வந்துகொண்டிருந்த ‘டிக்சன் ஆஃப் டாக் கிரீன்’ பெரியவர், தெருக்காரர்கள் எல்லோருக்கும் நல்லவர். ‘இசட் கார்ஸ்’ முதல் பகுதியிலேயே ஒரு காவலரின் மனைவி கண்ணில் அடிபட்ட வீக்கத்தோடு நிற்கிறாள், அடித்தது அவர்தான். தொடருக்கு உதவி செய்த லங்காஷயர் காவல்துறையின் தலைவரே கோபப்பட்டு லண்டனுக்குப் போய் இதை நிறுத்துங்கள் என்று கேட்டார். துப்பாக்கி இல்லை, ரத்த ஆறு ஓடவில்லை, வீக்கம் கண்ட ஒரு கண், அவ்வளவுதான். தொடர் நிற்கவும் இல்லை, 1978வரை ஓடியது. இதை ‘வன்முறைத் தொடர்’ என்றால் விஷயமே கைநழுவிப் போகிறது. அங்கே உறுத்தியது, போலீஸ்காரரும் வீட்டில் நம்மைப்போல, நம்மைவிட மோசமாகக்கூட இருப்பார் என்பதுதான்.

‘இருள்வகை’ என்றவருக்கு ஒரே வரி: அது ‘நுவார்’ (noir) என்கிற இருண்ட குற்றக்கதை வகைக்கு வேண்டும், அதை இப்போதே செலவழித்துவிட வேண்டாம். ‘பச்சைத்தொடர்’ வேண்டவே வேண்டாம். பச்சையாகப் பேசுவது என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு முதலில் தோன்றியது ‘பூசி மெழுகாமல்’ என்ற பேச்சுதான். பூசாத சுவர், செங்கல் வெளியே தெரிகிற சுவர். அதிலிருந்து ‘பூச்சிலாத் தொடர்’ என்று கட்டிப் பார்த்து ஒரு பக்கம் எழுதியும்விட்டேன். தம்பி மகளிடம் காட்டினால், “பூச்சி பத்தின டாக்குமென்டரியா பெரியப்பா?” என்று கேட்டாள். காதில் விழும்போது தவறாக விழுகிற சொல் நிற்காது. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

இப்போது என் பரிந்துரை: கரட்டுத்தொடர்.

காடு காட்டுவழி ஆவதுபோல, கரடு கரட்டுத்தொடர். கரடு என்றால் எங்கள் பக்கம் பாறையும் பருக்கைக்கல்லுமாக நிற்கிற சின்னக் குன்று. சேலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று தெரியும். மலை என்று சொல்லுமளவுக்குப் பெரிதில்லை, மேடு என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. மரம் அதிகம் இருக்காது, முள்ளும் கல்லும்தான். சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கரட்டில் வெறுங்காலோடு ஏறுவோம். உள்ளங்காலில் பருக்கை குத்தும், ஒரு கையால் காலைத் தட்டிவிட்டுக்கொண்டே ஏற வேண்டும். உச்சிக்குப் போனால் ஒரு பக்கம் ஊர் முழுக்கத் தெரியும், இன்னொரு பக்கம் சேர்வராயன் மலை மொத்தமும் எழுந்து நிற்கும். அம்மா ஒருநாளும் ஏறமாட்டார், எங்களையும் ஏறாதே என்பார். ஏறினவனுக்கும் கரடுதான், ஏறமாட்டேன் என்றவருக்கும் கரடுதான். சொல் யார் பக்கமும் பேசவில்லை, தரை எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. ‘கிரிட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் அடியிலும் கல்பொடிதான் கிடக்கிறது என்பது கூடுதல் பொருத்தம், ஆனால் நான் அதற்காக இதை எடுக்கவில்லை.

குன்று என்ற பொருளில் ‘கரடு’ தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் ‘கரடுமுரடு’ தெரியாதா? அதில் பாதியை எடுத்துக்கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஏன் கரடு, ஏன் முரடு இல்லை என்றால், முரடு ஆளின் குணம். ‘முரட்டுத்தொடர்’ என்றால் முரட்டுப் போலீஸ் ஒருவர் வருகிற தொடர் என்று ஆகிவிடும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தை வைத்து 2002 முதல் 2008 வரை ஐந்து பருவம், அறுபது பகுதி எடுத்த ‘தி வயர்’ தொடரில் பாதி நேரம் ஆட்கள் ஒட்டுக்கேட்பு அனுமதிக்கும் கூடுதல் நேரச் சம்பளத்துக்கும் மேலதிகாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். எழுதியவர்களில் டேவிட் சைமன் அந்த ஊர்ப் பத்திரிகையில் குற்றச்செய்தி எழுதியவர், எட் பர்ன்ஸ் அங்கேயே துப்பறியும் போலீஸாக இருந்தவர். அதில் முரட்டுத்தனத்தைவிடச் சலிப்புதான் அதிகம், அந்தச் சலிப்புதான் அதன் கரடு. வந்த காலத்தில் பார்த்தவர்களும் கொஞ்சம், எம்மி விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இன்றைக்கு அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறார்கள். அன்றைக்குத் தள்ளிவிட்டுப் போனவர்களும் இன்றைக்குக் கொண்டாடுகிறவர்களும் ஒரே குணத்தைத்தான் சொல்கிறார்கள்.

தரம் குறைந்தது என்ற பொருள் வந்துவிடுமே என்று ஒரு தோழர் தனிமடலில் கேட்டிருந்தார். வரும், தொடக்கத்தில் வரும். கரட்டுக்குரல் என்றால் நல்லது என்று யாரும் நினைப்பதில்லைதான். ஆனால் ஆங்கிலத்திலும் அந்தச் சொல் பல்லில் மணல் கடிபடுகிற சங்கடத்தைக் காட்டிய சொல்தானே? அந்தக் கொஞ்சம் நெருடல் சொல்லுக்குள் இருப்பது நல்லது என்பேன். நெருடலே இல்லாமல் ஒரு பெயர் வைத்தால் அம்மா எழுந்து போனதற்கு அதில் இடமே இல்லாமல் போய்விடும். 1993இல் ‘என்.ஒய்.பி.டி. புளூ’ என்ற அமெரிக்கப் போலீஸ் தொடர் வந்தபோது 57 தொலைக்காட்சி நிலையங்கள் முதல் பகுதியை ஒளிபரப்பவே மறுத்தன. ஆனாலும் அது 2005வரை ஓடியது. மறுத்தவர்களை எல்லாம் ரசனை இல்லாதவர்கள் என்று தள்ளிவிட்டு இந்த வகையின் கதையைச் சொல்ல முடியாது.

நம் நாட்டு ‘டெல்லி கிரைம்’ 2019இல் வந்தபோதும் இதேதான். 2012 டெல்லிக் கொடுமையைப் பற்றியது, 2020இல் சர்வதேச எம்மி வாங்கியது. அந்தக் கொடுமையைத் திரையில் காட்டாமல் விட்டதற்காகப் பாராட்டியவர்கள் உண்டு, எல்லாவற்றையும் போலீஸ் கண்ணாலேயே பார்க்க வைக்கிறது என்று சங்கடப்பட்டவர்களும் உண்டு. காட்டாமல் விட்டும் ஒரு தொடர் கரடாக இருக்க முடியும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

இன்னொன்று, இடையில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடர்களைப் பற்றி எழுதும்போது ‘கலவையான விமர்சனம்’ என்று நம் பத்திரிகைகள் எழுதுவதைத் தயவுசெய்து நாம் தொடர வேண்டாம். கலவை என்றால் சிமென்ட்டும் மணலும் ஒன்றாகக் கரைந்துவிட்டது. எங்கள் கூடத்தில் எதுவும் கரையவில்லை, மூன்றும் தனித்தனியாக நின்றன. ‘இரண்டுபட்ட பேச்சு’ என்றோ, ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள் என்றோ நேரே எழுதினால் என்ன குறைகிறது? இதற்குத் தனி இழை தொடங்கலாம்.

‘விலங்கு’ என்ற தலைப்பையும் கொஞ்சம் கவனியுங்கள். மிருகமும் அதுதான், கையில் மாட்டுகிறதும் அதுதான். யார் மிருகம் என்று தலைப்பு சொல்லவில்லை. பெயர் வைக்கிறவர்கள் அந்த அளவு நிதானத்தோடு வைத்திருக்கும்போது, வகைக்குப் பெயர் வைக்கிற நாம் அவசரப்பட்டு ஒரு பக்கம் சேர்ந்துவிடக் கூடாது.

எங்கள் ஊருக்கும் இந்த வேலைக்கும் பழைய உறவு உண்டு என்பதால் கொஞ்சம் உரிமையோடுதான் எழுதுகிறேன். 1916இல் இராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தபோது நண்பர்களோடு சேர்ந்து தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தொடங்கினார். வேதியியல், இயற்பியல், கணக்கு என்று அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதுதான் வேலை. அதற்காகப் பத்திரிகையும் நடத்தினார்கள். ‘பரிபாஷை’ என்று அன்றைக்கு வைத்த சொல்லை இன்றைக்கு யாரும் சொல்வதில்லை, ‘கலைச்சொல்’ வந்து உட்கார்ந்துவிட்டது. ‘கரட்டுத்தொடர்’ சொல்லையும் இதைவிட நல்லது வந்து தள்ளினால் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அது யார் காதிலும் தீர்ப்பாக விழாத சொல்லாக இருக்க வேண்டும்.

பயன்படுத்திப் பார்க்க:

‘கதை பழசுதான், ஆனால் எடுத்த விதம் கரட்டு நடை.’
‘கரட்டுத்தொடர் என்றால் அம்மா பார்க்கமாட்டார், வேறு ஏதாவது போடு.’
‘நாலாவது பகுதிக்கு மேல் கரடு போய்ச் சினிமாத்தனம் வந்துவிட்டது.’

மூன்றாவதை எழுதும்போது எனக்கே ஒரு சிக்கல் தெரிந்தது. தொடருக்கும் நடைக்கும் சரியாக உட்காருகிற சொல், நடிப்புக்கு உட்கார மறுக்கிறது. ‘கரட்டு நடிப்பு’ என்றால் மோசமான நடிப்பு என்றுதான் எனக்கும் கேட்கிறது. அங்கே வேறு சொல் வேண்டும், யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். தர்மபுரி, நாமக்கல் நண்பர்கள் உங்கள் பக்கம் கரடு என்றால் என்ன பொருளில் சொல்கிறார்கள் என்றும் ஒரு வரி எழுதினால், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சேர்த்து விக்சனரி உரையாடல் பக்கத்தில் போடுகிறேன்.

அன்புடன்,
கன்னங்குறிச்சியிலிருந்து

பி.கு.: மடலை அனுப்பும் முன் ஏட்டய்யாவிடம் படித்துக் காட்டினேன். சொல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்ததையும் எழுதணுமா என்று கேட்டார். எடுத்துவிடவா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இருக்கட்டும்” என்றார்.