வெய்லிங்: மூட்டமா, தூர்வா?

> இளம் விண்மீன்களின் புறஊதா நிறமாலை பற்றிய கலைச்சொல் பட்டியலில் வெய்லிங் (veiling: மிகையொளி சேர்வதால் நிறமாலைக் கோடுகளின் ஆழம் குறைவது) என்பதற்கு 'மூட்டம்' என்று இட்டிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா?

உண்டு. மூட்டம் என்றால் ஒளி குறைகிறது என்றே படிப்பவர் நினைப்பார். இங்கே ஒளி கூடுகிறது. டி டாரி வகை இளம் விண்மீனைச் சுற்றியுள்ள வட்டிலிருந்து வளிமம் காந்தப்புலத்தின் வழியே நொடிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் வந்து விழுகிறது. மோதிய இடம் 8,000 முதல் 10,000 கெல்வின் வரை சூடேறி, 4,000 கெல்வின் பரப்பின் ஒளியோடு கோடில்லாத தொடரொளியைச் சேர்க்கிறது. நிறமாலையில் கருங்கோடாகத் தெரியும் உறிஞ்சுகோட்டின் பள்ளம் நிரம்பிவிடுகிறது. இப்படிச் சேரும் மிகையொளி விண்மீனின் பரப்பொளிக்குச் சமமானால் கோட்டின் சமான அகலம் (அக்கம்பக்க ஒளியோடு ஒப்பிட்ட கோட்டின் வலிமை) பாதியாகும். மூன்று மடங்கானால் கால்பங்கு.

மூட்டத்தைத் தூசு மறைப்புக்கு விட்டுவைப்போம். தூசு கோட்டையும் அதன் அக்கம்பக்கத்தையும் ஒரே விகிதத்தில் மங்கவைப்பதால் சமான அகலம் மாறாது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் கட்டுரை குழம்பும்.

மண் நிரம்பிய கிணற்றைத் தூர்ந்துபோனது என்கிறோமே, அதிலிருந்து 'தூர்வு'. மிகையொளிக்கும் பரப்பொளிக்கும் உள்ள விகிதம் 'தூர்வெண்'. அதைக் கணக்கிட்டு நீக்குவது 'தூர்வாரல்'.

> அதைக் கணக்கிட்டு நீக்குவது 'தூர்வாரல்'.

தூர்வு அருமை. தூர்வாரல் வேண்டாம், வாய்க்கால் ஒப்பந்தம் நினைவுக்கு வருவது ஒருபுறம் இருக்கட்டும், செய்முறையே வேறு. வந்த நிறமாலையை யாரும் வாருவதில்லை. பொருள் விழாத, அதே நிறமாலை வகை விண்மீன் ஒன்றை வார்ப்பாக எடுத்து, சுழற்சிக்கேற்பக் கோடுகளை அகலப்படுத்தி, ஆழம் பொருந்தும்வரை தொடரொளியைக் கூட்டுகிறோம். ஆக, 'தூர்த்துப் பார்த்தல்'.

ஹபிள் விண்தொலைநோக்கியின் யுலிசீஸ் என்னும் புறஊதா நிறமாலைத் திட்டம் (அது புவியைச் சுமார் 1,000 சுற்றுகள் வரும் நேரம், பாதி இந்த இளம் விண்மீன்களுக்கு) பற்றி எழுதும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். 364.6 நானோமீட்டருக்குக் கீழே பரப்பொளி மிகச் சொற்பம், பெரும்பகுதி மிகையொளிதான். அங்கே தூர்வெண்ணுக்குப் பொருளில்லை. பாமர் தாவலை, அதாவது அந்த அலைநீளத்தில் ஹைட்ரஜனால் ஒளி திடீரென மாறும் படியை, அளக்கிறார்கள். தூர்வெண் கட்புல ஒளிக்கு உரியது. ஹபிளின் தாழ்பிரிதிறன் கீற்றணியில் (ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் உறுப்பு) தனிக்கோடுகள் பிரியாததால், சிலியின் விஎல்டி தொலைநோக்கியில் பெனலப்பி திட்டம் ஏறக்குறைய அதே நாள்களில் எடுத்த நிறமாலைகள் கைகொடுக்கின்றன. நாள் தள்ளினால் பயனில்லை, தூர்வு அதற்குள் மாறிவிடும்.

தூர்வை விட்டுவிட்டால் நீல மிகையொளி தூசின் செம்மையை மறைத்துவிடும். கட்புல மறைப்பில் 0.5 பருமன் (விண்மீன் ஒளியளவின் அலகு) குறைத்து மதிப்பிட்டால் 150 நானோமீட்டரில் பிழை 1.3 பருமன்; திருத்திய புறஊதா ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

> தொடரொளியைக் கூட்டுகிறோம்

எப்போதும் தொடரொளி மட்டுமல்ல. சில வலுவான கோடுகளின் நடுவிலேயே குறுகிய உமிழ்வு எழுந்து பள்ளத்தை நிரப்பும். அவற்றில் தூர்வெண் மிகையாக வரும். முன்னதைத் 'தொடர்த்தூர்வு', இதை 'உமிழ்தூர்வு' எனப் பிரித்து, பட்டியலில் அடுத்தடுத்து இடுங்கள்.