ஸ்கிரீன் மோடு வெளிறுகிறது, ஃபில்டர் கேலரி மங்கிக் கிடக்கிறது – அவசரம்

ஒற்றைப்பனை:
வணக்கம். விஸ்காம் மூன்றாம் ஆண்டு. திங்கட்கிழமை போர்ட்ஃபோலியோ வைக்க வேண்டும். பாட்டியின் பக்கவாட்டு முகம், அதற்குள் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரைப் பனைமரங்கள், இந்த டபுள் எக்ஸ்போஷர்தான் (ஒரு படத்துக்குள் இன்னொரு படம்) முக்கியமான படம். மேல் லேயரைக் கீழ் லேயரோடு கலக்க ஸ்கிரீன் மோடு போட்டால் எல்லாம் வெளிறிப்போய் சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது. யூட்யூபில் காட்டுவது போல வரவே மாட்டேன் என்கிறது. சரி, படத்தை வெட்டி ஒட்டின காகிதம் மாதிரி ஆக்கும் கட்அவுட் எஃபெக்டாவது போடலாம் என்று ஃபில்டர் கேலரிக்குப் போனால் அந்த வரியே மங்கலாக இருக்கிறது, அழுத்தவே முடியவில்லை. காலேஜ் லேபில் பயிற்சிப் படத்துக்கு இரண்டும் ஒழுங்காக வந்தன. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

மழைத்துளி:
எந்த மென்பொருள்? போட்டோஷாப்பா, ஜிம்ப்பா, போனில் ஏதாவது ஆப்பா? சொல்லாமல் எப்படிச் சொல்வது?

கீபோர்டு_கந்தன்:
கிராஃபிக்ஸ் கார்டு பிரச்சினை. லேபில் வருகிறது, வீட்டில் வரவில்லை என்றால் வேறு என்ன இருக்கப்போகிறது? பிரெஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் பிராசஸர் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி திறந்து பார் தம்பி.

வெள்ளைத்திரை:
ஸ்கிரீன்ஷாட் போடுங்கள். ஜன்னல் முழுக்கத் தெரிய வேண்டும், மேல் ஓரத்தை வெட்டாமல். அப்புறம், படங்கள் கேமராவில் எடுத்ததா, வாட்ஸ்அப்பில் வந்ததா?

கோணம்_சீனியர்:
இதே கேள்விக்கு இங்கே ஏற்கெனவே நிறைய இழைகள் உள்ளன. தேடல் பெட்டி என்று ஒன்று இருப்பது இந்தத் தலைமுறைக்குத் தெரியாது போலும். மோடு என்றால் உள்ளே என்ன கணக்கு நடக்கிறது என்று தெரியாமல், வீடியோவைப் பார்த்துப் பட்டனைத் தட்டினால் இப்படித்தான் சாம்பல் வரும். முதலில் எக்ஸ்போஷர் முக்கோணத்தை (அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ) ஒழுங்காகப் படியுங்கள், எஃபெக்ட் எல்லாம் அப்புறம்.

மழைத்துளி:
@கோணம்_சீனியர் சார், அந்தக் கணக்கு என்ன என்று சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

ஒற்றைப்பனை:
போட்டோஷாப்தான். முகம் நான் கேமராவில் எடுத்தது, பனைமரம் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியது. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். கிராஃபிக்ஸ் டிக் எடுத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி.

கீபோர்டு_கந்தன்:
சரி தங்கச்சி. அப்படியென்றால் டிரைவர் பழசு.

பதினாறுபிட்:
டிரைவர் இல்லை. படம் 16 பிட்டில் (ஒரு நிறத்துக்கு 16 பிட் அளவு) இருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் ரா கோப்பில் இருந்து திறந்தால் 16 பிட்டில் வந்துவிடும், ஃபில்டர் கேலரிக்கு 8 பிட்தான் ஆகும். இமேஜ், மோடு, 8 பிட் என்று மாற்றினால் முடிந்தது. நான் இதைப் பல பேருக்குச் சொல்லியாகிவிட்டது.

வெள்ளைத்திரை:
ஸ்கிரீன்ஷாட்டில் டேப்பின் தலைப்பைப் பாருங்கள். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சிஎம்ஒய்கே/8 என்று இருக்கிறது. சிஎம்ஒய்கே என்றால் அச்சுக்கான நான்கு மை நிற முறை. 8 பிட்தான், பிரச்சினை முன்பாதியில். கோப்பை ஏன் சிஎம்ஒய்கேயில் திறந்தீர்கள்?

ஒற்றைப்பனை:
பிரிண்ட் கடையில் "ஃபைல் சிஎம்ஒய்கேயில் வேணும்"னு சொன்னாங்க. அதனால் புது ஃபைல் திறக்கும்போதே அதைத் தேர்வு செய்தேன். அது இதில் தொடர்பா?

வெள்ளைத்திரை:
அதேதான். இரண்டு கோளாறும் அங்கிருந்துதான் வருகின்றன.

ஃபில்டர் கேலரி சிஎம்ஒய்கேயில் வேலையே செய்யாது, அதனால்தான் மங்கியிருக்கிறது. ஸ்கிரீன் விஷயம் கொஞ்சம் சுற்றி வரும். இரண்டு படத்தையும் தலைகீழாக்கிப் பெருக்கி, விடையை மறுபடி தலைகீழாக்குவதுதான் ஸ்கிரீன். திரைக்கான சிவப்பு-பச்சை-நீல முறையான ஆர்ஜிபியில் (0 கறுப்பு, 255 வெள்ளை) 128-க்கு மேல் 128 வைத்தால் ஏறக்குறைய 192 வரும். வெள்ளை எதனோடு சேர்ந்தாலும் வெள்ளை. சுத்தக் கறுப்பு 0, 0, 0 என்பதால் அது கீழ்ப் படத்தைத் தொடாமல் தானே மறைந்துவிடும். டபுள் எக்ஸ்போஷரின் சூட்சுமமே இதுதான்: இருட்டான முகத்துக்குள் மரம் தெரியும், வெள்ளைப் பின்னணியில் தெரியாது.

சிஎம்ஒய்கேயில் அந்தக் கறுப்பு சைபராக இருக்காது. போட்டோஷாப்பில் வழக்கமாக வரும் அமெரிக்க அச்சு ப்ரொஃபைலில் அதே கறுப்பு சயான் 75, மஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 சதவீத மை என்று ஆகிவிடும். எந்த மையும் நூறு இல்லை. அதனால் மறைய வேண்டிய கறுப்பு, போகிற போக்கில் கீழே இருக்கும் முகத்தின் மையையும் குறைத்துவிடுகிறது. நீங்கள் பார்க்கும் சாம்பல் அதுதான்.

இருக்கிற கோப்பை மோடில் போய் ஆர்ஜிபிக்கு மாற்றினால் மெனு திறக்கும், ஆனால் சிஎம்ஒய்கேக்குப் போனபோது செத்த நிறம் திரும்பாது. புதிதாக ஒரு ஆர்ஜிபி கோப்பு திறந்து, மூலப் படங்களை மறுபடி உள்ளே கொண்டுவாருங்கள். 12-க்கு 18 அங்குலம், 300 டிபிஐ என்றால் 3600-க்கு 5400 பிக்சல்.

பதினாறுபிட்:
16 பிட்டாக இருந்திருந்தாலும் ஃபில்டர் கேலரி இப்படித்தான் மங்கியிருக்கும் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஒளிப்பெட்டி:
ஸ்கிரீன்ஷாட்டில் இன்னொன்று. பாட்டியை எடுத்தது சுண்ணாம்புச் சுவர் முன்னால், அதுவும் நிழலில். சுவர் வெள்ளையாக இல்லை, நடுத்தரச் சாம்பல். மோடை மாற்றினாலும் பனைமரம் முகத்தைத் தாண்டிச் சுவரிலும் ஏறத்தான் செய்யும். முகத்தை மட்டும் செலக்ட் செய்து, மற்ற இடத்தை மறைக்கும் மாஸ்க் போடுங்கள், பின்னணிக்கு வெளிச்சத்தைச் சரிசெய்யும் லெவல்ஸில் வலது முக்கோணத்தைச் சுவர் முழுக்க வெளுக்கும்வரை இடப்பக்கம் இழுங்கள். பாட்டி முகத்தில் கை வைக்காதீர்கள், அந்தச் சுருக்கங்கள்தான் பனை மட்டையோடு சேரும்போது அழகாக வரும்.

நேரம் இருந்தால் மறுபடி எடுப்பது இன்னும் சுலபம். சாயங்காலம் மொட்டைமாடி, பின்னால் வெறும் வானம், மீட்டரை வானத்துக்கு வைத்து அதிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) கூட்டினால் வானம் வெள்ளையாகும், முகம் போதிய அளவு இருட்டாக நிற்கும்.

பழைய_ரோல்:
இவ்வளவு பாடு எதற்கு? எங்கள் காலத்தில் பிலிம் கேமராவின் ரீவைண்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு லீவரைத் தள்ளுவோம், ஷட்டர் ஏறும், ரோல் நகராது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு ஸ்டாப் குறைவு. இரண்டு முறை கிளிக், ஒரே பிரேமில் படம். அதுதான் டபுள் எக்ஸ்போஷர். நீங்கள் செய்வது ஒட்டு வேலை.

மழைத்துளி:
ஸ்டூடியோக்களில் லென்ஸைப் பாதி மறைத்து, ஒரே ஆளை நின்றபடியும் உட்கார்ந்தபடியும் ஒரே படத்தில் எடுத்துக் கொடுத்ததும் உங்கள் காலம்தானே ஐயா? அது ஒட்டு வேலை இல்லையா?

கோணம்_சீனியர்:
பழைய ரோல் சொல்வது நியாயம். கேமராவுக்குள் நடந்தால் புகைப்படம், கம்ப்யூட்டரில் நடந்தால் டிசைன். மாணவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஒளிப்பெட்டி:
யாரும் சொல்லிக்கொடுக்காததற்குக் காரணம் அப்படி ஒரு வித்தியாசம் இல்லை என்பதுதான். ஆஸ்கர் ரெய்லாண்டர் என்ற புகைப்படக்காரர் 1857-இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்தார், விக்டோரியா ராணியே ஒரு பிரதி வாங்கினார். அப்போது கம்ப்யூட்டர் ஏது? கிட்டத்தில் வேண்டுமென்றால், ஓவியக் கலைஞர் விவான் சுந்தரம் 2001-02 வாக்கில் தன் தாத்தா உம்ராவ் சிங் ஷெர்-கில் எடுத்த குடும்பப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று இணைத்து ஒரு தொடரே செய்தார். அதை டிசைன் என்று ஒதுக்க முடியுமா?

கோணம்_சீனியர்:
ரெய்லாண்டர் ஆட்களை நிறுத்தி ஒவ்வொரு துண்டையும் தானே எடுத்தார். இங்கே பனைமரம் சித்தப்பா எடுத்தது.

மழைத்துளி:
விவான் சுந்தரம் சேர்த்தது தாத்தா எடுத்ததை. சித்தப்பாவுக்கு மட்டும் ஏன் தடை?

வெள்ளைத்திரை:
செய்திப் படத்தையும் இதையும் குழப்ப வேண்டாம். வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் இல்லாததைச் சேர்த்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், அது சரிதான். இவர் தருவது போர்ட்ஃபோலியோவுக்கான கற்பனைப் படம். யார் எடுத்தது என்று கீழே ஒரு வரி போட்டால் போதும்.

சித்தப்பா என்றதும் ஞாபகம் வருகிறது: வாட்ஸ்அப்பில் படமாக வந்தால் சுருங்கித்தான் வந்திருக்கும். 5400 பிக்சல் உயரத்துக்கு இழுத்தால் மட்டைகள் எல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடும். அவரிடம் அதே படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கட்டற்றவன்:
ஒரு கேள்வி. இங்கே எத்தனை மாணவர்கள் போட்டோஷாப்பைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்? ஜிம்ப் இலவசம். 3.0-இல் இருந்து ஃபில்டரை லேயரைக் கெடுக்காமல் போட்டுப் பின்னால் மாற்றவும் முடிகிறது. போட்டோஷாப் மாதிரி சிஎம்ஒய்கே மோடே அதில் இல்லை, இந்தப் பிரச்சினை பிறந்தே இருக்காது.

கீபோர்டு_கந்தன்:
வந்துட்டாருய்யா.

பதினாறுபிட்:
ஜிம்ப்பில் கட்அவுட் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

கட்டற்றவன்:
கட்அவுட் என்ற பெயரில் இல்லை. நிறங்களைச் சில பட்டைகளாகக் குறைக்கும் போஸ்டரைஸ் இருக்கிறது. முன்னால் கொஞ்சம் பிளர் கொடுத்துவிட்டுப் போட்டால் கிட்டத்தட்ட அதே தோற்றம்தான்.

பதினாறுபிட்:
கிட்டத்தட்ட.

ஒளிப்பெட்டி:
ஒற்றைப்பனை, இவர்கள் சண்டையை விடுங்கள். கடையில் எந்த இயந்திரத்தில் அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். போட்டோ பேப்பரில் ஒளியால் அடிக்கும் கலர் லேப் என்றால் எஸ்ஆர்ஜிபி (ஆர்ஜிபியின் பொதுவான வகை) ஜேபெக்தான் கேட்பார்கள், சிஎம்ஒய்கே தேவையே இல்லை. மையால் அடிக்கும் ஆஃப்செட், ஃபிளெக்ஸ் என்றால் மட்டும் கடைசியில் ஒரு பிரதி எடுத்து, லேயர்களைத் தட்டையாக்கி, அந்தப் பிரதியை மட்டும் மாற்றிக் கொடுங்கள். வேலை செய்யும் கோப்பு ஆர்ஜிபியிலேயே இருக்கட்டும்.

பழைய_ரோல்:
என் வீட்டில் இன்னும் நான்கு ரோல் ஃபிரிட்ஜில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள். காலாவதி ஆனதுதான், ஆனாலும் படம் வரும்.

ஒற்றைப்பனை:
ஆர்ஜிபியில் புதிதாகச் செய்தேன், மரம் முகத்துக்குள் வந்துவிட்டது. ஃபில்டர் கேலரியும் திறக்கிறது. கட்அவுட் போட்டால் பாட்டிக்குப் பிடிக்கவில்லை, எடுத்துவிட்டேன். கடையில் கேட்டேன், கலர் லேபாம், ஜேபெக் போதுமாம். எல்லாருக்கும் நன்றி அண்ணா.

வெள்ளைத்திரை:
முடிந்த படத்தைப் போடுங்களேன். சித்தப்பா டாக்குமென்டாக அனுப்பினாரா?

மழைத்துளி:
ஆமாம், படம் எங்கே?

கீபோர்டு_கந்தன்:
எதற்கும் டிரைவரை ஒரு தடவை அப்டேட் செய்துவிடு தங்கச்சி.

நீலவானம்22:
இதே பிரச்சினை எனக்கும், ஆனால் என்னுடையது ஆர்ஜிபி/8 என்றுதான் காட்டுகிறது. ஃபில்டர் மெனு முழுக்க மங்கல். என்ன செய்வது?

கோணம்_சீனியர்:
எந்த லேயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. அது கண் குறியை அணைத்து மறைத்து வைத்த லேயரா?