தொடைச் சிரை இரத்தம், இதய இரத்தம், கல்லீரல்: ஃபென்டனில் அளவில் எதைக் கொள்வது?

தடய நச்சியல் மாணவி:
வணக்கம். ஃபென்டனில் என்ற வீரியமிக்க ஓபியாய்டு வலிநிவாரணி சார்ந்த இறப்புகளின் அளவீடுகளை ஆய்வேட்டுக்காகப் படித்து வருகிறேன். ஒரே உடலில் எடுத்த இதய இரத்தத்தில் மருந்தின் அளவு தொடைச் சிரை இரத்தத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகவும், கல்லீரலில் அதற்கும் மேலாகவும் காணப்படுகிறது. அறிக்கையில் எதை முதன்மையாகக் கொள்வது? இரத்தத்தில் தயாரித்த அளவுத்திருத்தக் கோட்டை (தெரிந்த அளவு மருந்துக்குக் கருவி காட்டும் எண்களை வைத்து வரையும் கோட்டை) கொண்டே கல்லீரலையும் கணக்கிடலாமா?

சட்ட மருத்துவர்:
தொடைச் சிரை இரத்தத்தையே முதன்மையாகக் கொள்ளுங்கள். கொழுப்பில் எளிதில் கரையும் காரத்தன்மையுள்ள மருந்தான ஃபென்டனில், உயிருடன் இருக்கும்போதே நுரையீரல், கல்லீரல், இதயத் தசை ஆகியவற்றில் சேர்ந்துவிடுகிறது. இறந்தபின் செல் சவ்வுகள் சிதையச் சிதைய, அங்கிருந்து பக்கத்திலுள்ள பெரிய இரத்தக் குழாய்களுக்குக் கசிகிறது. ஆகவே இதய இரத்தத்தின் எண் இறந்த நேரத்து நிலையைக் காட்டுவதில்லை. தொடையிலும் கவனம் தேவை. சிரையை மேல்பக்கத்தில் கட்டாமல் ஊசியை வேகமாக இழுத்தால், வயிற்றுப் பகுதியின் பெருஞ்சிரை இரத்தமும் கூடவே வந்துவிடும். கல்லீரல் துண்டை வலது மடலின் ஆழத்திலிருந்து எடுப்பது நல்லது. இடது மடல் இரைப்பையை ஒட்டியிருப்பதால், விழுங்கிய மருந்து அதில் நேரடியாக ஊறியிருக்கக்கூடும்.

ஆய்வகப் பகுப்பாய்வாளர்:
இரண்டாவது கேள்விக்கு என் விடை: கூடாது. கல்லீரலின் பாஸ்போலிப்பிடுகள் (செல் சவ்வுகளின் கொழுப்புப் பொருள்கள்) நிறை நிறமாலைமானியில் மருந்தின் அயனியாக்கத்தை அடக்குவதால், இரத்தக் கோட்டில் வைத்துப் படிக்கும் அளவு பிசகிவிடும். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய ஃபென்டனிலை அக நியமமாக, அதாவது ஒப்பீட்டுக்காக எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் இடும் பொருளாக, சேர்த்தால் இதில் பெரும்பகுதி சரியாகும். ஆனால் அரைத்த கூழில் நாம் ஊற்றும் நியமம், திசுவுக்குள் பிணைந்து கிடக்கும் மருந்தைப் போலவே பிரிந்து வரும் என்பதற்கு உறுதியில்லை.

மருந்தில்லாத கல்லீரல் கிடைக்காதபோது நான் நியமச் சேர்ப்பு முறையையே, அதாவது அதே திசுவின் பங்குகளில் தெரிந்த அளவு மருந்தைக் கூட்டிக்கொண்டே போய் அளக்கும் முறையையே, நாடுகிறேன். 1 கிராம் கல்லீரலை 4 மில்லிலிட்டர் நீருடன் பனிக்கட்டி மேல் வைத்து அரைத்து, தலா 0.2 கிராம் திசு உள்ள நான்கு சமப் பங்குகளாக்கி, அவற்றில் முறையே 0, 10, 20, 40 நானோகிராம் ஃபென்டனில் சேர்ப்பதாகக் கொள்ளுங்கள். உச்சி விகிதங்கள் (மருந்தின் உச்சிக்கும் அக நியமத்தின் உச்சிக்கும் உள்ள விகிதங்கள்) 0.60, 0.90, 1.20, 1.80 எனக் கிடைத்தால், கோட்டைப் பின்னோக்கி நீட்டும்போது அது கிடை அச்சை −20-இல் வெட்டும். அதாவது ஒரு பங்கில் 20 நானோகிராம்; அதை 0.2-ஆல் வகுத்தால் கிராமுக்கு 100 நானோகிராம். ஒருமுறை இந்தக் கடைசி வகுத்தலை நானே மறந்து, ஐந்தில் ஒரு பங்கு அளவை எழுதிவிட்டேன். நல்லவேளையாக மறுபார்வையில் பிடிபட்டது.

தடய நச்சியல் மாணவி:
மிக்க நன்றி, ஐயா. நம் ஊரில் விசரா (சோதனைக்கு எடுக்கும் உள்ளுறுப்புத் துண்டுகள்) பூரித உப்புக் கரைசலில் அல்லவா அனுப்பப்படுகிறது? அதிலும் இப்படி அளக்கலாமா?

ஆய்வகப் பகுப்பாய்வாளர்:
மருந்து இருக்கிறதா என்று பார்க்க அது போதும், அளவுக்கு உதவாது. உப்பு திசுவின் நீரை இழுத்து எடையை மாற்றுகிறது, மருந்தும் கரைசலுக்குள் இறங்குகிறது. ஆகவே கிராமுக்கு இவ்வளவு என்று எழுதுவதில் பொருளில்லை. அளவு தேவைப்படும் வழக்கில், பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்காத ஒரு துண்டைத் தனிப் புட்டியில் இட்டு −20 டிகிரியில் உறையவைக்கவும், தொடை இரத்தத்தைச் சோடியம் ஃபுளோரைடு குழாயில் எடுக்கவும் உடற்கூறாய்வுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.