பூட்டு போட்டும் யூடியூப் ஓடுதா? எந்தக் கணக்குன்னு முதல்ல பாருங்க: அஞ்சு ஊர்க்காரங்க சொல்றது

தருமபுரி, செல்போன் சர்வீஸ்:
முழுப்பரீட்சை லீவு விட்டதும் கடைக்கு வர்ற புகார் இதுதான்: "ஃபேமிலி லிங்க் (பிள்ளைங்க போனைக் கட்டுப்படுத்துற கூகுள் ஆப்) போட்டாச்சு, ஆனாலும் பையன் நிறுத்தாம பாக்கறான்." போனை வாங்கிப் பார்த்தா, பெரும்பாலும் அது அம்மா போன், உள்ளே இருக்கிறது அம்மாவோட ஜிமெயில். ஃபேமிலி லிங்க் கட்டுப்படுத்துறது குழந்தையோட கணக்கை. அந்தக் கணக்கு இல்லாத போன்ல அதுக்கு வேலையே இல்லை.

வீட்ல சும்மா கிடக்கிற பழைய ஆண்ட்ராய்டு போனை ஃபேக்டரி ரீசெட் பண்ணி (உள்ளதையெல்லாம் அழிச்சு), முதல் தடவை ஆன் ஆகும்போதே குழந்தை கணக்கை ஏத்திடுங்க. அப்புறம் பெற்றோர் போன்ல தினசரி வரம்பும் டவுன்டைமும் (போன் பூட்டியே இருக்க வேண்டிய நேரம்) வைங்க. யூடியூப் ஆப்புக்கு மட்டும் வரம்பு வெச்சா பத்தாது, குரோம் வழியா அதே வீடியோ வரும். குரோம்ல தடுக்க வேண்டிய தளங்கள் பட்டியல்லயும் யூடியூபைச் சேர்க்கணும். ஆப் இன்ஸ்டால் எல்லாத்துக்கும் அனுமதி கேக்கிற மாதிரி வைங்க, இல்லேன்னா வேற பிரவுசர் இறங்கிடும்.

பென்னாகரம்:
இந்தப் பக்கம் அப்பா அம்மா பெங்களூர்ல, பிள்ளை தாத்தா பாட்டிகிட்ட. கூடுதல் நேரத்தை அங்கிருந்தே கொடுக்கலாம், ஆனா பிள்ளை போன்ல நெட் இருக்கணும். டவர் கிடைக்காத மலையோர ஊர்ல போன் பூட்டிக்கிட்டா, பெற்றோர் ஃபேமிலி லிங்க்ல வர்ற அணுகல் குறியீட்டைச் சாதா கால்லயே சொல்லித் திறக்க வைக்கலாம். அந்த எண் மாறிக்கிட்டே இருக்கும், அதனால பையன் மனப்பாடம் பண்ணிடுவான்னு பயம் வேண்டாம்.

நேரம் முடிய 15, 5, 1 நிமிஷம் இருக்கும்போது எச்சரிக்கை வரும். அதைப் பாட்டிகிட்டயும் சொல்லி வைங்க. திடீர்னு திரை போச்சுன்னா அழுகையைச் சமாளிக்கிறது அவங்கதானே. கதை ஒண்ணு 22 நிமிஷம்னா வரம்பை 30-ன்னு வைக்காதீங்க. ரெண்டாவது கதை பாதியில அறுந்து, அங்கதான் சண்டை ஆரம்பிக்கும். 45 வெச்சா ரெண்டும் முழுசா முடியும்.

ஓசூர்:
டிவி கதை வேற. நெட்ஃபிளிக்ஸில் குழந்தைகள் ப்ரொஃபைல் போட்டுவிட்டு அப்பா ப்ரொஃபைலைத் திறந்தே விட்டால் பயனில்லை. பெரியவர்கள் ப்ரொஃபைல் ஒவ்வொன்றுக்கும் 4 இலக்கப் பின் (PIN, ரகசிய எண்) வேண்டும். அதே இடத்தில், புது ப்ரொஃபைல் சேர்க்கவும் பின் கேட்கும்படி வையுங்கள், பலர் விடுவது இதைத்தான். பைக் நம்பரைப் பின்னாக வைக்காதீர்கள், அது தெருவுக்கே தெரியும். அடுத்த எபிசோடு தானாக ஓடுவதையும் அணைத்துவிடுங்கள். பின்னைவிட அதுதான் அதிக நேரத்தை மிச்சம் பிடிக்கும் என்பது என் கருத்து.

2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி படங்களுக்கு யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என வயது வகை உண்டு. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதி கட்டாயம். சின்னப் பிள்ளைக்கு 7+ வரை வைத்தால் போதும். டிவியின் சொந்த ஆப் பூட்டைப் போடுபவர்கள் கம்பெனி வைத்த பின்னை உடனே மாற்றுங்கள். பல மாடல்களில் அது 0000.

அரூர்:
யூடியூப் கிட்ஸ்ல பெற்றோர் பகுதிக்குள்ள போக ஒரு பெருக்கல் கணக்குதான் கேக்கும். வாய்ப்பாடு படிச்ச பிள்ளைக்கு அது பூட்டே இல்லை. நம்ம சொந்தக் கடவுக்குறியீடு வெச்சிடணும். சின்னதுங்களுக்கு, வீடியோவை நாமே தேர்ந்தெடுத்து அனுமதிக்கிற முறை நல்லது, அதுல தேடவே முடியாது. ரெண்டிலிருந்து நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், குறைஞ்சா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது.

காவேரிப்பட்டணம், ஃபைபர் லைன் வேலை:
ரவுட்டர்ல நேரம் வெச்சுப் பூட்டச் சொல்லி நிறைய பேர் கேக்கறாங்க, மாங்கா சீசன்ல பெரியவங்க மண்டியில இருக்கிறப்போ இன்னும் அதிகம். ஆண்ட்ராய்டு 10, அதுக்கு அப்புறம் வந்த போன்கள் பொதுவா வைஃபைக்கு உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) காட்டாது. பூட்டு நிலையா பிடிக்கணும்னா, போன்ல அந்த வைஃபையோட பிரைவசி பகுதியில 'டிவைஸ் மேக்'-னு மாத்திட்டு, அந்த முகவரியை ரவுட்டர்ல கொடுங்க. ஆபாசத் தளங்களைத் தடுக்க ரவுட்டரோட டிஎன்எஸ்ல (தளத்தோட பேரை வெச்சு முகவரி தேடிக் கொடுக்கிற சேவை) 1.1.1.3, 1.0.0.3 போட்டா போதும், இலவசம்தான். ஆனா இது நேரத்தைக் குறைக்காது. போன்ல சிம் இருந்தா மொபைல் டேட்டாவுல எல்லாமே திறக்கும், அதனால பிள்ளைக்குக் கொடுக்கிற போன்ல சிம்மைக் கழட்டிடுங்க.