‘பிளாக் டைம்’ என்பதற்குப் ‘பறப்பு நேரம்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து சேருமிடத்தில் வந்து நிற்கும்வரை ஆகும் நேரத்தை விமானத் துறையில் ‘பிளாக் டைம்’ (block time) என்பார்கள். அதற்குத் தமிழில் ‘பறப்பு நேரம்’ போதும் என்று இங்கே ஐயா ஒருவர் நேற்று எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைத் திருச்சி–யாழ்ப்பாணத் தடத்தை வைத்தே சொல்கிறேன்.

2025 மார்ச்சில் தொடங்கிய நேரடிச் சேவை இது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்த்தொலைவு சுமார் 185 கிலோமீட்டர். இதில் பறக்கும் ஏடிஆர் (ATR) என்ற சிறிய விசிறி விமானம் முழு வேகத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுக்குப் போகும். வகுத்துப் பார்த்தால் 22 நிமிடம். ஆனால் அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும், அதுதான் பிளாக் டைம். இரண்டும் சரிதான், அளக்கும் பொருள்தான் வேறு. ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது, பாதையும் நேர்க்கோடு அல்ல. அதைவிட முக்கியம், விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, ஓடுபாதைவரை ஊர்ந்து, முறைக்குக் காத்திருந்து, பறந்து இறங்கி, மறுபடி ஊர்ந்து நிற்கும்வரை எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். இதைப் ‘பறப்பு நேரம்’ என்றால், தரையில் போன நிமிடங்களை எங்கே வைப்பது? சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை உள்ளதற்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். அதை அதற்கே விட்டுவைப்போம்.

சரி, ‘பிளாக்’ எங்கிருந்து வந்தது? சின்ன விமானத்துக்கு நடந்தே போய் ஏறும்போது முன்சக்கரத்தைப் பாருங்கள். கயிற்றில் கோத்த இரண்டு கட்டைகள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். அந்தக் கட்டைதான் ‘பிளாக்’. அவற்றை எடுத்து விமானம் நகர்ந்தால் நேரம் தொடங்கும், மறுமுனையில் நின்று அவற்றைப் போட்டால் முடியும். நம் ஊர்த் தேருக்குப் போடும் முட்டுக்கட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் முதலில் ‘கட்டை நேரம்’ என்றே எழுதிப் பார்த்தேன். காதுக்கு ஒட்டவில்லை. முட்டுக்கட்டை என்றாலே தடை என்ற பொருள்தான் முந்திக்கொண்டு வருகிறது.

அப்புறம்தான் தேரிலேயே வேறொரு சொல் இருப்பது நினைவுக்கு வந்தது. ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் வீதிகளைச் சுற்றி முடித்ததும் ‘தேர் நிலைக்கு வந்தது’ என்கிறோம். வழியில் எத்தனை முறை நின்றாலும் அது நிலை ஆகாது. புறப்பட்ட இடமும் போய்ச் சேரும் இடமும்தான் நிலை. ‘பிளாக் டைம்’ சொல்வதும் அதைத்தான்.

ஆகவே என் பரிந்துரை ‘நிலையிடை நேரம்’. கட்டை எடுத்து நகரும் கணத்துக்கு ‘நிலைவிடு நேரம்’, நின்று கட்டை போடும் கணத்துக்கு ‘நிலைசேர் நேரம்’. ‘நிலை’ ஏற்கெனவே பல பொருள் சுமக்கிறதே என்று கேட்பீர்கள். ‘விமான நிலையம்’ என்ற சொல்லுக்குள்ளேயே அது இருப்பதால் இந்தத் துறையில் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

தொலைவுக்கான சொல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூல்களில் ‘பெருவட்டத் தொலைவு’ இருக்கட்டும், பூமியின் வளைவைக் கணக்கில் எடுப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. பயணிகள் பார்க்கும் பக்கத்தில் ‘நேர்த்தொலைவு’ போதும்.

இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘திருச்சி–யாழ்ப்பாணம்: நேர்த்தொலைவு 185 கி.மீ., நிலையிடை நேரம் சுமார் 1 மணி.’ படித்ததும் எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்ளலாம்.