மைதானத்தில் நமக்கு நடந்தது: நெல்லைச் சீமை விளையாட்டு அனுபவங்கள்

முக்கூடல் அம்மா

மாவட்டத் தடகளப் போட்டி. என் மகளுக்கு 400 மீட்டர். கொடியேற்றம், சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருப்பு, வெயில் ஏறிய பிறகு ஹீட்ஸ் எனும் முதல் தகுதிச் சுற்று, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் எழுத வந்தது உடை மாற்றும் அறையைப் பற்றி. அறை இருந்தது. 'மகளிர்' என்று புதுப் பெயின்டில் எழுதியிருந்தது. பூட்டியும் இருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். அதற்குள் மைக்கில் பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

முன்பின் தெரியாத ஓர் அம்மா தன் பையிலிருந்து சேலையை எடுத்து உதறினார். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. சுவரோரமாக மறைத்துப் பிடித்தோம். சேலைக்கு இந்தப் பக்கம் பந்தல் ஆட்கள் நாற்காலி சுமந்து போய்க்கொண்டிருக்க, அந்தப் பக்கம் என் பிள்ளை குனிந்தபடியே உடை மாற்றினாள். அவள் முடிப்பதற்குள் இன்னும் சில பிள்ளைகள் பையோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். "அத்தை, எங்களுக்கும் பிடிப்பீர்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

ஓட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, காலையிலிருந்து அவள் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏன் என்றால், "குடித்தால் போக இடம் இருக்காதே, அம்மா" என்கிறாள். கொளுத்தும் வெயிலில் 400 மீட்டர் ஓடப்போகிற பிள்ளை இப்படிக் கணக்குப் போட்டுத் தாகத்தை அடக்கியிருக்கிறது. என்னால் இன்னும் ஆறவில்லை.

தேரிக்காட்டுக் கபடி

அக்கா, எங்கள் ஊர்ப் பெண்கள் அணியும் இதே பாட்டைப் பட்டிருக்கிறது. என் கதை வேறு.

திசையன்விளைப் பக்கம் தேரி என்கிற செம்மணலில் ஆடி வளர்ந்தவன் நான். கோயில் கொடை வந்தால் ஊருக்கு ஊர் கபடி, விடிய விடிய ஆடுவோம். ஒரு முறை அணித் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் மண் தரை இல்லை, மேட் என்கிற விரிப்பு. அதுவரை மேட்டை டிவியில்தான் பார்த்திருக்கிறேன். ஷூ இல்லாமல் இறங்கக் கூடாது என்றார்கள். ஆடிவிட்டு வெளியே வந்த ஒரு தம்பியிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

முதல் ரெய்டு. மணலில் குதிகால் புதையும். அதை ஊன்றித்தான் திரும்பிப் பழக்கம். மேட்டில் கால் புதையவில்லை. ஷூ அப்படியே பிடித்துக்கொண்டது. உடம்பு திரும்பிவிட்டது, பாதம் திரும்பவில்லை. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். என்னைப் பிடிக்க வந்த பையன் கையை எடுத்துவிட்டு, "அண்ணே, என்ன ஆயிற்று?" என்று கேட்டான். ஜவ்வு கிழிந்திருந்தது. தேர்வுக் குழுவினர் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். தூக்கிக்கொண்டு போக ஒரு ஸ்ட்ரெச்சர் இல்லை, வைக்க ஒரு கட்டி ஐஸ் இல்லை.

ஏரல் வாசகர்

தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். கபடி வீரர் மணத்தி கணேசன் எந்த மேட்டில் பழகினார்? நம் பக்கத்து மண்ணில்தானே ஆடி வளர்ந்தார்? 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் நின்றார், அர்ஜுனா விருதும் வாங்கினார். அது இல்லை, இது இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனால் பிள்ளைகளுக்கு வைராக்கியம் குறைந்துவிடும்.

தேரிக்காட்டுக் கபடி

அண்ணாச்சி, அவர் பெயரைச் சொல்லித்தான் எங்கள் ஊரில் களத்தில் கோடே கிழிப்போம். வைராக்கியத்துக்குக் குறைவில்லை. ஒருவர் அத்தனையும் தாண்டி மேலே வந்தார் என்பதற்காக, வருகிற பிள்ளைகள் எல்லாரும் அதே முள்ளில்தான் நடக்க வேண்டுமா? தேர்வை மேட்டில் வைக்கிறார்கள் என்றால் பயிற்சிக்கும் மேட் வேண்டும். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், அவ்வளவுதான். ஒன்றியத்துக்கு ஒரு மேட் கொடுத்து, ஒரு கூரையும் போட்டால் பத்து ஊர் அணிகள் முறை வைத்து ஆடலாம். 2024இல் 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டு உபகரணம் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் அந்தப் பந்துகள் இன்னும் உறை பிரிக்காமல் பீரோவுக்குள் இருக்கின்றன. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று பயம். எடுத்துக் கொடுக்க ஓர் ஆளை நியமித்தால் தீர்ந்தது.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், வள்ளியூர்

என்னிடம் படித்த மாணவன், தேசியப் பள்ளி விளையாட்டு வரை போனவன், போன ஆண்டு வீட்டுக்கு வந்தான். சான்றிதழை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அதில் தலைப்பெழுத்து இல்லை. பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது. வேலைக்கான சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே பெற்றோர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பள்ளிப் பதிவோடு ஒத்துப் பாருங்கள். தவறு இருந்தால் போட்டி நடத்தியவர்கள் கலைவதற்குள் திருத்தி வாங்குங்கள். ஆண்டுகள் கழித்துத் தேடிப் போனால் கையெழுத்துப் போட்டவரே மாறியிருப்பார். லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் முத்திரை வைக்க வேண்டி வரும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசு வேலைக்குத் தனிப் படிவங்கள் உண்டு. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4. வெறும் பங்கேற்புச் சான்றிதழ் போதும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அடுத்து, மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் தேர்வாகிற பிள்ளைக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு வரும். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாரில் உள்ள அதே எழுத்தில் இருக்க வேண்டும். போட்டிக்குப் போனால் அணிப் பட்டியலின் நகலையும் ஆட்ட முடிவுத் தாளின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைப்பீர்கள், கட்டாயம் கேட்பார்கள். வயதைக் குறைத்துக் காட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கோவில்பட்டி ஹாக்கி

சார் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் சார், சான்றிதழ் வாங்குகிற கட்டத்துக்குப் பிள்ளை வந்து சேர வேண்டுமே! எங்கள் ஊரும் 1986 வரை நெல்லை மாவட்டம்தான், அந்த உரிமையில் எழுதுகிறேன். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைப் போட்டிக்கு வெளிமாநில அணிகள் வந்து ஆடுவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. செயற்கை இழைத் தரை வந்தது, விளையாட்டு விடுதி வந்தது, தினமும் வருகிற பயிற்சியாளர் வந்தார். 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் எங்கள் ஊர் மாரீஸ்வரன் இருந்தார். விடுதியில் பழகிய கார்த்தியும் இருந்தார், அவர் அரியலூர்க்காரர்.

மண் தரையில் பந்து எகிறும். மட்டையைத் தூக்கியே பிடிக்கப் பழகியிருப்போம். செயற்கைத் தரையில் நான் முதல் முறை இறங்கியபோது பந்து ஒரு முறைகூடத் தவ்வவில்லை. மட்டைக்கு அடியில் போய்விட்டது, திரும்பிப் பார்ப்பதற்குள் கோல் கம்பத்தில் மோதிய சத்தம் கேட்டது. அன்று எனக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. இப்போது பத்து வயதுப் பிள்ளைகள் அதே தரையில் வந்து நிற்கிறார்கள். பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

வைராக்கியம் மட்டும் போதாது, பழகத் தரையும் வேண்டும். ஏரல் அண்ணாச்சிக்கும் இதுதான் என் பதில்.

பாளையங்கோட்டை வாசகர்

சின்ன விஷயம். அதிகாலையில் நான் நடக்கப் போகும் மைதானத்தில் ஒரு பையன் 200 மீட்டர் பழகிக்கொண்டிருந்தான். முதல் தடத்தில் நாலு பேர் கைகோத்தாற்போல் அரசியல் பேசிக்கொண்டு நடந்தார்கள். "டிராக்! டிராக்!" என்று கத்திக்கொண்டே வளைவில் வந்தவன் கடைசி நொடியில் விலகி, ஓரக் கல்லில் முட்டி தேய விழுந்தான். அந்த நாலு பேரில் ஒருவர், "காலங்காத்தாலே ஏன் இந்த அவசரம்?" என்று அவனைத்தான் திட்டினார். எட்டாவது தடத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 453 மீட்டர். நடக்கிறவர்களுக்கு அதுதானே நல்லது? உள் தடங்களைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். இதற்கு அரசு ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை.

ஈட்டித் தங்கை, அம்பாசமுத்திரம் பக்கம்

600 கிராம் ஈட்டி இரண்டேகால் மீட்டர் நீளம். எங்கள் பள்ளியில் அதை எறிய இடம் இல்லை, இடம் இருக்கிற மைதானத்தில் ஈட்டி இல்லை. அதனால் பஸ்ஸில்தான் கொண்டுபோக வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் வீட்டில் விடுகிறார்கள். இல்லையென்றால் தினம் பஸ்ஸுக்குக் காசு எங்கே?

ஒரு நாள் நடத்துநர், "ஆயுதத்தோடு ஏறக் கூடாது, இறங்கு" என்று விசில் ஊதிவிட்டார். முனையில் துணி சுற்றித்தான் வைத்திருந்தேன். பின் இருக்கைகளில் வயலுக்குப் போகும் ஆச்சிமார் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், "பிள்ளை விளையாடப் போகிறாள், அய்யா. நீ வண்டியை எடு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு காலையும் தூக்கினார். வரிசையாக எல்லாரும் தூக்கினார்கள். ஈட்டி இருக்கைகளுக்கு அடியில் போய்விட்டது.

தினமும் அதே ஆச்சிமார் வரமாட்டார்களே. மைதானத்திலேயே ஈட்டியைப் பூட்டி வைக்க ஒரு பெட்டி கேட்டு மனு எழுதப் போகிறேன். யாரிடம் கொடுக்க வேண்டும், மனுவில் பள்ளித் தலைமை ஆசிரியரின் கையெழுத்து வேண்டுமா? வள்ளியூர் சார் பார்த்தால் சொல்லுங்கள்.