புதுப்பிப்பு: சுங்கை சிப்புட்டில் என் கல்லூரித் தோழிகள்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கட்டுப்பாடு மிகுந்த வேதாகமக் கல்லூரியில் உடன் படித்தவர்களை இத்தனை வருடம் கழித்துத் தேடலாமா, பழைய காயத்தைக் கிளறிவிடுமா என்று. “முதலில் ஒருவரோடு மட்டும் பேசுங்கள்” என்றீர்கள். அப்படியே செய்தேன். அவள் வழியாக மற்றவர்களும் புலனத்தில் (வாட்ஸ்அப்) சேர்ந்தார்கள்.

சனிக்கிழமை பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சந்தித்தோம். கெடாவிலிருந்து வந்தவர்களுக்கும் கோலாலம்பூரிலிருந்து வந்தவர்களுக்கும் ரயில் வசதி. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். எங்களில் ஒருத்தியின் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்; தோட்டத் தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியவர். அந்தப் பங்கைப் பற்றி அவர் எவ்வளவு பெருமையாகப் பேசுவார் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். விடுதியில் குடும்பக் கதை பேசவே விட்டதில்லையே!

மணிக்கணக்கில் பேசினோம். வீட்டுக் கடிதங்களை வார்டன் பிரித்துப் படித்தது, தீபாவளிக்கு இந்து உறவினர் வீட்டுக்குப் போனதற்காக ஒரு தோழியை எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வைத்தது, எல்லாம் வெளியே வந்தன. அந்தத் தோழியும் வந்திருந்தாள். இப்போது அவள் தேவாலயத்துக்கே போவதில்லை. இன்னொருத்தி போதகரின் மனைவி. சாப்பிடுமுன் ஜெபம் செய்யலாமா என்று இவள் அவளிடம் கேட்டாள். “செய்டி, நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லூரியில் யாரும் எங்களை அப்படிக் கேட்டதே கிடையாது.

ஒருத்தி மட்டும் “என்னைத் தேட வேண்டாம்” என்று செய்தி அனுப்பினாள். அவள் எண்ணை நீக்கிவிட்டோம். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

அடுத்த சந்திப்பு பள்ளி விடுமுறையில், பிள்ளைகளோடு. ஆலோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.